கேஸ் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? கவிழ்த்துப் பாருங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் தாய்மாமா நடத்திய பாத்திரக்கடையில் பல வருடம் நின்றவன் நான். கடையை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆடித் தள்ளுபடி தொடங்கினால், தீபாவளி நெருங்கினால், யார் வீட்டிலாவது கல்யாணச் சீர் எடுக்கக் கிளம்பினால் எனக்குப் போன் வந்துவிடும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"அடுப்பு வாங்கணும்ணே. கடைக்குள்ள போனதும் முதல்ல எதைப் பார்க்கணும்?"

நிறத்தையும் கண்ணாடியில் போட்ட பூவையும் கடைசியில் பாருங்கள். முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 4246. கசிவு, தீயின் நிலைத்தன்மை, கைப்பிடிகள் எவ்வளவு சூடாகலாம் என்பதெல்லாம் அதற்குள் வருகின்றன. வெப்பத்திறன் 68 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் அதில் உண்டு.

அது சரியாக இருந்தால் அடுத்த வேலை, அடுப்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வது. விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் உருப்படியான பாதி அடியில்தான் இருக்கிறது.

"ஸ்டிக்கர்ல ஐ.எஸ்.ஐ. போட்டிருக்கே, அது போதாதா?"

வெறும் முத்திரைப் படம் போதாது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4246 என்ற எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை அடித்தால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் கொடுத்தார்கள், அது இப்போதும் செல்லுமா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அட்டைப் பெட்டியில் முத்திரை இருந்து அடுப்பின் உடம்பில் இல்லை என்றால் வாங்காதீர்கள். பெட்டியை யாரும் மாற்றலாம்.

"ரெண்டு பர்னர் போதுமா, மூணா, நாலா? வீட்ல நாலு பேர்."

ஆள் கணக்கை விட, ஒரே நேரத்தில் உங்கள் வீட்டில் எத்தனை பாத்திரம் ஏறுகிறது என்பதுதான் கணக்கு. காலை ஏழு மணிக்கு ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் தோசைக்கல், நடுவில் பால் என்றால் மூன்று வேண்டும். நாலு பர்னர் வாங்கினால் கேஸ் அதிகம் போகும் என்பது தப்பு. எரியும் பர்னருக்குத்தான் கேஸ்.

இதில் நிறையப் பேர் கோட்டை விடுவது பர்னர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில். மூன்று பர்னரை ஒரு சின்னப் பலகையில் நெருக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அடக்கமாக இருக்கும். வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை வைத்தால் பக்கத்தில் குக்கரை வைக்க முடியாது. அப்புறம் மூணு பர்னர் அடுப்பு ரெண்டு பர்னர் அடுப்பாகத்தான் ஓடும். உங்கள் தோசைக்கல்லின் அகலத்தையும் பெரிய குக்கரின் அகலத்தையும் டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒரு பர்னரின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்ததின் நடுப்புள்ளி வரை அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது கூட இருக்க வேண்டும். கல் 30, குக்கர் 24 என்றால் பாதி 27. கடையில் 30 இருந்தால் நிம்மதி. எங்கள் கடைக்கு ஓர் அம்மா கட்டைப்பையில் தோசைக்கல்லையே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சரியான அடுப்போடு போனது அவர் ஒருவர்தான்.

"ஸ்டீல் நல்லதா, கண்ணாடி நல்லதா?"

ஒரே விலையில் இரண்டும் இருந்தால் நான் ஸ்டீலை எடுப்பேன். கண்ணாடிக்குப் போகும் காசு அதில் பர்னருக்கும் மற்ற உறுப்புக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கீழே விழுந்தால் ஸ்டீல் நசுங்கும், கண்ணாடி போய்விடும். இட்லிக் குண்டானை 'டொக்'கென்று வைக்கிற வீடு, கூட்டுக்குடும்பம், வாடகை வீடு மாறுகிறவர்கள் ஸ்டீலோடு இருப்பது நல்லது.

கண்ணாடியின் சௌகரியத்தையும் மறுக்கவில்லை. பால் பொங்கினால் ஒரே துடைப்பில் போய்விடும். ஸ்டீலில் விளிம்பு மடிப்பில் அழுக்கு புகுந்தால் குச்சி வைத்துக் குத்த வேண்டியிருக்கும். துடைப்பது யார் என்பதைப் பொறுத்து வீட்டில் கருத்து மாறும். துடைக்கிறவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

"கண்ணாடி அடுப்பு வெடிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

உடைவது நிஜம். அடுப்பில் போடுவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி. மேல்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும்படி செய்திருப்பார்கள். அதனால் சாதாரண அடியைத் தாங்கும். ஆனால் எங்காவது ஒரு கீறல் உள்வரை போய்விட்டால் ஒட்டுமொத்தமும் ஒரே நொடியில் சின்னச் சின்னக் கட்டிகளாகச் சிதறும். சத்தம் பெரிதாக இருப்பதால் வெடித்தது என்கிறோம். கத்தி போலத் துண்டுகள் வராது என்பதுதான் அதில் உள்ள பாதுகாப்பு. இந்தக் கண்ணாடிக்கு நடுப்பகுதியைவிட விளிம்பு பலவீனமானது. விளிம்பில் ஸ்டீல் பட்டி சுற்றிய மாடலுக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம்.

பெரும்பாலும் உடைவதற்குக் காரணம் நாம்தான். இரண்டு பர்னரை மூடும் பெரிய கல்லையோ அண்டாவையோ மணிக்கணக்கில் வைத்தால் சூடு அடியில் அடைபட்டுவிடும். சூடான கண்ணாடியில் ஈரத்துணியைப் போடுவது இன்னொன்று. எங்கள் வீட்டில் ஒரு பொங்கலன்று பானை பொங்கி வழிந்ததும், சூடு ஆறுவதற்குள் நானே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். கடையில் நூறு பேருக்கு 'ஊற்றாதீங்க' என்று சொன்ன அதே ஆள். மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

"பித்தளை பர்னர்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எப்படி நம்புறது?"

கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனம். ஒரே அளவில் இரண்டைத் தூக்கினால் ஏமாற்ற முடியாது. மஞ்சள் முலாம் பூசிய மலிவு உலோகம் என்றால் திருப்பிப் பார்த்தாலே அடிப்பக்கம் வேறு நிறம் காட்டும்.

பித்தளைக்கு மரியாதை வந்த காரணம் இது: துருப்பிடிக்காது, துளைகளைச் சுத்தமாகக் கடைய முடியும், வருடக்கணக்கில் எரிந்தாலும் துளைகள் இளகிப் பெரிதாகாது. வார்ப்பிரும்பு பர்னரும் சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் நம் சமையலில் கஞ்சியும் பாலும் பொங்கி வழியாத நாள் உண்டா? துரு வந்து துளை அடைபடும். மலிவு கலப்பு உலோகத்தில் மூடி வளைந்துபோய்ச் சரியாக உட்காராது, ஓரத்தில் தீ கசியும்.

"கவிழ்த்துப் பாருன்னு சொல்றீங்க. கவிழ்த்தா எனக்கு என்ன தெரியப் போகுது?"

நிறையத் தெரியும். முன்பக்கத்தில் ஒரு குழாய் ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வால்வு. இதை மெக்கானிக்குகள் 'காக்' என்பார்கள். வால்வின் முனையில் குண்டூசித் துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு, அது ஜெட். ஜெட்டிலிருந்து பாயும் கேஸ், பக்கத்துத் துவாரத்தில் காற்றை இழுத்துக்கொண்டு ஒரு தடிமனான குழாய் வழியாகப் பர்னருக்குப் போகிறது. அதுதான் மிக்சிங் டியூப். அடுப்பின் உயிர் இந்த மூன்றில்தான்.

திருகை மெதுவாகத் திருப்புங்கள். கடகடவென்று ஆடாமல், வெண்ணெயில் திருப்பினது போல வர வேண்டும். அழுத்தித்தான் திறக்க முடியும்படி இருக்க வேண்டும், குழந்தை கை பட்டுத் திறந்துவிடக் கூடாது. மிக்சிங் டியூப்பைப் பிடித்து அசைத்தால் அது ஜெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். வளைந்து நின்றால் காற்றுக் கலப்பு சரியாக இருக்காது. எல்லாம் ஸ்க்ரூ போட்டுக் கழற்றும்படி இருக்கிறதா, ரிவிட் அடித்து மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிவிட் அடித்த அடுப்பில் காக் கெட்டால் தெருவில் 'அடுப்பு ரிப்பேர்' என்று கூவி வருகிறவர் கையை விரித்துவிடுவார். முந்நூறு ரூபாய் வேலைக்குப் புது அடுப்பு வாங்க நேரும். மதிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான், பத்து வருடம் கழித்தும் ரிப்பேர் செய்ய முடிவது.

நிமிர்த்தி வைத்த பிறகு பாத்திரம் தாங்கும் வளையத்தையும் பாருங்கள். அதன் கால்கள் நாலும் சமமாக நிற்க வேண்டும். டிகாக்‌ஷன் போடும் சின்னப் பாத்திரம் நடுவில் நிற்காமல் சாய்கிற வளையங்கள் உண்டு. கடையிலேயே ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள்.

"காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்டீல்தானே?"

இந்தச் சோதனையை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். 304 என்ற உயர்தர ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, அதைவிட மலிவான 202லும் ஒட்டாது. ஆக, ஒட்டவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையில் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் மலிவு ஸ்டீல் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தர எண்ணை எழுத்தில் கொடுத்திருக்கும் மாடலை எடுங்கள். தகட்டின் கனத்தைப் பெருவிரலால் நடுவில் அழுத்திப் பார்க்கலாம். டப்பா மூடி போல உள்ளே போய் வந்தால் வேண்டாம்.

"விலை கூடின அடுப்பு கேஸை மிச்சம் பிடிக்கும்கிறாங்க. உண்மையா, வியாபாரமா?"

ரெண்டும்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வருகிற வீடு, வருடத்துக்கு எட்டு சிலிண்டர். ஒன்று 900 ரூபாய் என்று வையுங்கள், மொத்தம் 7,200. வெப்பத்திறன் 68 சதவீத அடுப்பிலிருந்து 72 சதவீத அடுப்புக்கு மாறினால் அதே சமையலுக்குச் சுமார் ஐந்தரை சதவீதம் கேஸ் குறையும். வருடத்துக்கு 400 ரூபாய். ஆக, 800 ரூபாய் கூடக் கொடுத்திருந்தால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். நாலாயிரம் கூடக் கொடுத்திருந்தால் பத்து வருடம். அடுப்பில் பி.இ.இ. (ஆற்றல் சிக்கனத்துக்கான அரசு அமைப்பு) நட்சத்திர முத்திரை இருந்தால், ஒப்பிட அது உதவும். 'முப்பது சதவீதம் கேஸ் சேமிப்பு' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். பதில் வராது.

இன்னொன்று, சோதனைக்கூடத்தில் மூடி போட்ட பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து எடுக்கும் அளவு அது. உங்கள் வீட்டில் சின்னச் சட்டியைப் பெரிய பர்னரில் வைத்துத் தீ சுற்றிலும் எட்டிப் பார்த்தால் அந்த 72 அப்போதே போயிற்று.

"ஆட்டோமேட்டிக் வாங்கலாமா, லைட்டர் போதுமா?"

லைட்டர் போதும். கை நடுங்கும் பெரியவர்கள் தனியாகச் சமைக்கிற வீடு என்றால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். தீப்பொறி விடும் முனையில் எண்ணெய் படிந்தால் வேலை செய்யாது, துடைத்தால் சரியாகும். இதே பெரியவர்களுக்கு அதைவிட உபயோகமானது, தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் அமைப்பு. விலை கூடுதல். பெரும்பாலும் ஹாப்களில்தான், அதாவது மேடையை வெட்டிப் பதிக்கும் அடுப்புகளில்தான் கிடைக்கிறது.

"ஏஜென்சியில அடுப்பும் சேர்த்து வாங்கினாத்தான் கனெக்‌ஷன்னு சொல்றாங்க."

அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள அடுப்பை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். கனெக்‌ஷன் கொடுக்கும்போது உங்கள் அடுப்பைச் சோதித்துப் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை.

"ஆன்லைன்ல பாதி விலைக்கு வருதே?"

எதில் பாதி? எம்.ஆர்.பி.யில் பாதி. அந்த எம்.ஆர்.பி.க்கு அந்த அடுப்பை யாரும் எங்கும் வாங்கியதில்லை. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை மறந்துவிட்டுக் கையிலிருந்து போகும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். மாடல் பெயர் ஒரே மாதிரி தோன்றினாலும் எண் மாறியிருக்கும். பித்தளை பர்னர் என்று படத்தில் காட்டி, விவரத்தில் வேறு உலோகம் எழுதியிருப்பதும் உண்டு. அடுப்பின் நிகர எடையைக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு அடுப்பில் ஒன்று ஒரு கிலோ குறைந்தால் எங்கேயோ உலோகம் குறைந்திருக்கிறது.

வாங்கினால், பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் படம் எடுங்கள். கண்ணாடி அடுப்பு என்றால் கட்டாயம்.

"கண்ணாடிக்கு ஆயுள் வாரண்டியாம் தம்பி. அப்புறம் என்ன கவலை?"

அத்தை, யாருடைய ஆயுள் என்று கேட்டீர்களா? அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தில், தயாரிப்புக் குறையால் உடைந்தால் மட்டும் என்று இருக்கும். அடிபட்டு உடைந்தது, தண்ணீர் பட்டு உடைந்தது என்றால் கிடையாது. மேலே நான் சொன்ன சொம்புத் தண்ணீர் கதைக்கு ஒரு பைசா வராது. அடுப்பு முழுவதற்கும் எத்தனை வருடம், காக்குக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்பது அதைவிட முக்கியம். பக்கத்து ஊரிலிருந்து யாரும் ஒரு காக்குக்காக வர மாட்டார்கள்.

பில்லைப் பத்திரமாக வைத்தால் மட்டும் பத்தாது. மினுமினுப்பான தாளில் அச்சிடும் பில் ஒரு வருடத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

"புது வீடு கட்டுறோம். கிரானைட்ல வெட்டி ஹாப் வச்சிரலாமா?"

வைக்கலாம், ஆனால் அடுத்த ஹாப்பையும் இப்போதே யோசித்துக்கொண்டு வையுங்கள். வெட்டும் அளவு மாடலுக்கு மாடல் மாறும். எட்டு வருடம் கழித்துப் பழையது போனால், அந்தப் பள்ளத்தில் உட்காரும் புதியது கிடைக்காமல் கிரானைட்டையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் காற்றோட்டமும் வேண்டும், அலமாரியை அடைத்துக் கட்டக் கூடாது. மேடைமேலும் வைக்கலாம், பின்னால் வெட்டியும் பதிக்கலாம் என்ற இரட்டை வகை இருக்கிறது. தயங்குகிறவர்களுக்கு அது நல்ல நடுவழி.

"எங்க தெருவுக்குக் குழாய் கேஸ் வரப் போகுது. இப்ப வாங்குற அடுப்பு வீணாயிருமா?"

வீணாகாது. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு எல்.பி.ஜி.யை விடக் குறைந்த அழுத்தம், ஒரே கன அளவில் வெப்பமும் குறைவு. அதனால் பெரிய துளையுள்ள ஜெட் வேண்டும். கவிழ்த்துப் பார்த்தபோது ஜெட்டைக் காட்டினேனே, அதை மாற்றினால் போதும். மாற்றும் வசதி உங்கள் மாடலில் உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள். வேலையைக் கனெக்‌ஷன் கொடுக்கும் கம்பெனியின் ஆளிடம் விடுங்கள். மாற்றிய அடுப்பை ஊருக்குக் கொண்டுபோய் அப்படியே சிலிண்டரில் மாட்டிவிடாதீர்கள். பெரிய துளையில் எல்.பி.ஜி. பாய்ந்தால் தீ அளவுக்கு மீறி எழும்பி வந்து பயமுறுத்தும்.

"புது அடுப்புதான், ஆனா தீ மஞ்சளா வருது, பாத்திரம் கரி பிடிக்குது."

காற்று போதவில்லை. நீலத் தீதான் சரியான தீ. முதலில் பர்னர் மூடியைக் கழற்றித் திரும்பப் பொருத்துங்கள், பாதிப் புகார் அதிலேயே தீரும். தீரவில்லை என்றால் மிக்சிங் டியூப்புக்குள் பேக்கிங் தெர்மாகோல் துணுக்கோ தூசியோ இருக்கலாம், அல்லது காற்று வரும் துவாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வாங்கிய முதல் வாரத்துக்குள் எல்லாப் பர்னரையும் முழுத் தீயிலும் சிம்மிலும் எரித்துப் பாருங்கள். சிம்மில் அணைந்துபோகும் பர்னரை அப்போதே சொன்னால்தான் மாற்றிக் கொடுப்பார்கள். ஜெட் துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்காதீர்கள், அது அடுப்பைக் கெடுக்கும் சுருக்கு வழி.

"புது அடுப்புக்குப் பழைய டியூப்பையே மாட்டிக்கலாமா?"

வேண்டாம். கம்பி வலை உள்ளே வைத்த ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப்புக்கு ஆயுள் ஐந்து வருடம், தேதி அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். மாட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், கிட்டே விடாதீர்கள். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதனால் வாசற்கதவையும் திறங்கள், ஜன்னல் மட்டும் போதாது.

"பழைய அடுப்பைக் கொடுத்தா ஐந்நூறு ரூபாய் குறைக்கிறாங்க. கொடுத்துரவா?"

அடுப்பு பழுது பார்க்கும் நிலையில் இருந்தால் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள். காக் இறுகிப்போனது, பர்னர் அடைத்தது என்றால் மாற்றிக்கொள்ளலாம். உடம்பு துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ மிக்சிங் டியூப் அரித்திருந்தாலோ போகட்டும்.

கொடுப்பதென்று முடிவானால், பழைய பித்தளை பர்னர் இரண்டையும் கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து பர்னர்கள் நல்ல கனம். பழைய பித்தளைக்கு உங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் அன்றைக்குக் கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டு, அப்புறம் அந்த ஐந்நூறைப் பற்றிப் பேசுங்கள்.